ஒரே பாட்டு இருமுறை: டாம் லெரரின் மூன்று குறுந்தகட்டுப் பெட்டி

‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் டாம் லெரர்’ என்ற பெயரில் ரைனோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தப் பெட்டியில் மூன்று குறுந்தகடுகளும் கெட்டி அட்டை போட்ட ஒரு சிறு புத்தகமும் இருக்கின்றன. பின்னட்டையில் உள்ள பாடல் பட்டியலைப் படிக்கும் எவருக்கும், ஒரே பாட்டுக்கு இருமுறை காசு கேட்கிறார்களோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. லெரரின் முதல் தொகுப்பிலுள்ள 12 பாடல்களும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிய வடிவில் ஒருமுறையும், மக்கள் முன்னிலையில் பாடிய வடிவில் மறுமுறையும் வருகின்றன. இரண்டாம் தொகுப்பின் 11 பாடல்களும் அப்படியே. ஆக, பெட்டியின் பெரும்பகுதி ஒரே சொற்களும் ஒரே மெட்டும் திரும்ப ஒலிக்கும் பகுதிதான். இதைக் குறையென்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. என் கருத்து நேர்மாறானது: மேடைக்குப் பாட்டெழுதும் தொழில் எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பயன்படுவது அந்த இரட்டிப்புதான்.

லெரரைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில விவரங்கள். 1928-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 18 வயதில் ஹார்வர்டில் கணிதப் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தோடு அமெரிக்க இசைநாடகத்தையும் பாடமாக நடத்தியவர். 2025 ஜூலையில் 97-ஆம் வயதில் காலமானார். பியானோவைத் தானே வாசித்து, தானே எழுதி மெட்டமைத்த நையாண்டிப் பாடல்களைப் பாடினார். மூன்று முதன்மைத் தொகுப்புகளிலும் சேர்த்து 37 பாடல்களே உள்ளன. அவ்வளவு சிறிய கையிருப்பைக் கொண்டு இவ்வளவு நீண்டகாலம் நினைவில் நின்றவர்கள் பாட்டுத்துறையில் அதிகம் இல்லை.

அவருடைய தொடக்கம் ‘ரெவ்யூ’ என்னும் மேடை வடிவத்தில் இருக்கிறது. தொடர்கதை இல்லாமல், சிறுசிறு காட்சிகளும் பாடல்களும் அடுத்தடுத்து வந்து அன்றைய நடப்பைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சி அது. முழுநீள இசைநாடகத்தில் வரும் பாட்டுக்குக் கதாபாத்திரமும் சூழலும் துணைநிற்கும். ரெவ்யூ பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. திரை விலகியதும் யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், எதற்காகச் சிரிக்க வேண்டும் என்ற மூன்றையும் முதல் சில வரிகளுக்குள் பாட்டே நிலைநாட்டிவிட வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடிந்தும் விட வேண்டும். 1951-இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களுக்காக லெரரும் நண்பர்களும் நடத்திய ‘தி ஃபிசிகல் ரெவ்யூ’ என்ற நிகழ்ச்சி இந்தப் பயிற்சியை அவருக்கு அளித்தது. பெட்டியில் அந்த நிகழ்ச்சியின் பதிவு இல்லை. ஆனால் அங்கே பாடப்பட்ட பாடல்களில் சில முதல் தொகுப்பில் இடம்பெற்றிருப்பதால், அந்த ரெவ்யூ பயிற்சியின் வாசனை முதல் தட்டு முழுவதும் இருக்கிறது.

1953 ஜனவரியில் பாஸ்டனில் உள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை ஒரு மணி நேரத்துக்கு 15 டாலர் கொடுத்து வாடகைக்கு எடுத்து, 12 பாடல்களையும் ஒரே அமர்வில் பாடி முடித்தார். தட்டு வெளியிட நிறுவனம் எதையும் தேடாமல் தன் செலவிலேயே முதலில் 400 பிரதிகள் அச்சிட்டு விற்றார். பெட்டியில் உள்ளது அந்த மூலப்பதிவேதான். பிற்பாடு 1966-இல் ஸ்டீரியோவில் மீண்டும் பாடிய வடிவம் அல்ல. இந்தத் தேர்வு சரியானது. ஒலி மெலிந்தது, பியானோ சற்றுத் தள்ளி நிற்பதுபோல் கேட்கிறது, குரலில் மூக்கின் பங்கு கொஞ்சம் அதிகம். குரல்வளம் என்று பாராட்ட அவரிடம் எக்காலத்திலும் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. இருந்தும் அந்த அவசரத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. எந்த எழுத்தும் விழுங்கப்படவில்லை. எந்தச் சொல்லிலும் தேவைக்கு அதிகமாக நிற்பதில்லை.

இனி இரட்டிப்புக்கு வருகிறேன். முதல் தொகுப்பில் ஒரு காதல் பாட்டு இருக்கிறது. காதலியின் கையைத் தன் கையில் பற்றியபடி ஒருவன் உருகிப் பாடுகிறான். மெட்டும் பழங்கால வரவேற்பறைப் பாட்டுக்குரிய குழைவோடு நகர்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அவன் பற்றியிருப்பது கையை மட்டுமே என்றும், அந்தக் கைக்குரியவள் உயிரோடு இல்லை என்றும் கேட்பவருக்குப் புரிகிறது. கூடத்தில் பாடிய வடிவில் இது நேராகப் போய் முடிந்துவிடுகிறது. நமக்கு உறைக்கும்போது அவர் இரண்டு வரி முன்னே போயிருக்கிறார். 1959-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பாடிய வடிவில், உண்மை வெளிப்படும் இடத்தில் அவையில் முதலில் சிலரும் பிறகு பலருமாகச் சிரிப்பு பரவுவது கேட்கிறது. லெரர் அந்தச் சிரிப்புக்காகப் பாட்டை நிறுத்துவதில்லை. இடைப்பட்ட பியானோ வாசிப்பை ஒரு மூச்சளவு நீட்டுகிறார், அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சுக்கு இடம்விட்டுத்தான் மெட்டே அமைக்கப்பட்டிருக்கிறது என்பது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் தெரியவருகிறது. கூடத்துப் பதிவில் காலியாகத் தோன்றிய இடம், மேடையில் அவையோருக்கென ஒதுக்கப்பட்ட இடமாகிவிடுகிறது.

மற்றொரு சான்று, கணித அறிஞர் லோபசெவ்ஸ்கியின் பெயரைத் தாங்கிய பாட்டு. அடுத்தவரின் ஆய்வைத் திருடுவதே வெற்றிக்கு வழி என்று ரஷ்ய உச்சரிப்பில் பெருமையடித்துக்கொள்ளும் ஒரு கணிதப் பேராசிரியர் அதில் பேசுகிறார். உண்மையான லோபசெவ்ஸ்கிமீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஓசைக்காகவே அவர் பெயரை எடுத்துக்கொண்டதாக லெரரே தெளிவுபடுத்தியிருக்கிறார். பாட்டின் ஓரிடத்தில் அந்தப் பேராசிரியரின் நூல் திரைப்படமாகிறது. அதில் முக்கோணத்தின் கர்ணமாக நடிக்கப்போகும் நடிகை யார் என்று அறிவிக்கப்படுகிறது. 1953 பதிவில் அந்த நடிகை இங்க்ரிட் பெர்க்மன். பிந்தைய மேடைப் பதிவில் பிரிஜித் பார்தோ. ஏழாண்டுகளுக்குள் அவையினர் யாரை நினைத்துப் புன்னகைப்பார்கள் என்பது மாறிவிட்டது. பாடலாசிரியர் பெயரை மாற்றி, அசையைச் சரிக்கட்டிக்கொண்டு நகர்கிறார். ரெவ்யூவுக்கு எழுதுகிறவர் தன் பாட்டை முடிந்துபோன படைப்பாகக் கருத முடியாது. இந்த ஒரு பெயர்மாற்றம் அதைக் காட்டுமளவுக்குப் புத்தகத்தில் உள்ள எந்தக் குறிப்பும் காட்டவில்லை.

இரண்டாம் தொகுப்பில் வரிசை தலைகீழாக இருப்பது சுவையான செய்தி. ஹார்வர்டின் சாண்டர்ஸ் அரங்கில் 1959 மார்ச்சில் முதலில் மேடைப்பதிவு நடந்தது. அதே பாடல்களைக் கூடத்தில் பதிவுசெய்தது அதற்குப் பிறகுதான். அதனால் இங்கே கூடத்துப் பதிவுதான் நகல்போல் கேட்கிறது. முக்கியமான காரணம், பாடல்களுக்கு இடையில் அவர் பேசும் முன்னுரைகள் அதில் இல்லாமல் போனது. கதாகாலட்சேபத்தில் பாகவதரின் வசனம் எப்படி அடுத்த பாட்டுக்குக் கேட்பவரைத் தயார்செய்யுமோ அப்படி இந்த முன்னுரைகள் வேலை செய்கின்றன. கரகரப்பில்லாத, ஆசிரியர்த்தனமான அந்தக் குரலில், நாட்டுப்பாடல்கள் இவ்வளவு மோசமாக இருப்பதற்குக் காரணம் அவற்றை மக்கள் எழுதியதுதான் என்றும், தொழில்முறைப் பாடலாசிரியர்களிடம் விட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றும் ஒரு கொள்கையை முன்வைக்கிறார். பிறகு ‘கிளெமண்டைன்’ என்ற பழைய நாட்டுப்பாடலின் கதையை எடுத்து, ஒரு பகுதியை அமெரிக்க இசைநாடகப் பாடலாசிரியர் கோல் போர்ட்டரின் பாணியிலும், அடுத்ததை மோசார்ட்டின் இத்தாலிய நாடகப் பாணியிலும், மற்றொன்றை ஜாஸ் பாணியிலும், இறுதிப் பகுதியை ஆங்கில நகைச்சுவை இசைநாடகங்களைப் படைத்த கில்பர்ட்-சல்லிவன் இருவரின் பாணியிலும் பாடுகிறார். நாலு பாணிகளையும் கேலி செய்கிறார் என்பது மேலோட்டமான உண்மை. நாலிலும் எழுதத் தெரிந்தவரால்தான் இப்படிக் கேலி செய்ய முடியும். கோல் போர்ட்டர் பகுதியில் ஒரே இயைபை, அதாவது அடியிறுதி ஓசைப்பொருத்தத்தை, விடாமல் பிடித்துக்கொண்டு அது மூச்சுத்திணறும்வரை அடுக்கிச் செல்லும் விதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இயைபைப் பற்றித் தமிழ் வாசகருக்குத் தனியாக ஒரு சொல். எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் விழுந்து காதை முன்கூட்டியே கட்டிப்போடுவது நம் மரபு. ஆங்கிலப் பாட்டில் ஓசைப்பொருத்தம் அடியின் கடைசியில் விழுவதால், கேட்பவர் அடி முடியும்வரை எதிர்பார்த்தபடியே இருக்க வேண்டியிருக்கிறது. லெரரின் நகைச்சுவைக்கு எந்திரமே இந்த எதிர்பார்ப்புதான். முதல் அடியின் இறுதிச்சொல் விழுந்ததும், அதற்கு இயைபாக வரக்கூடிய நாகரிகமான சொல் ஒன்றை நம் மனம் தேடிக்கொண்டிருக்க, அவர் மூன்று சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கிய விபரீதமான ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆங்கிலத்தை வேகமாகக் கேட்டுப் பழகாதவர்கள் முதல்முறை இதில் பாதியைத் தவறவிடுவார்கள். எல்லாப் பாடல்களின் வரிகளும் புத்தகத்தில் அச்சிடப்பட்டிருப்பது அதனால் வெறும் அலங்காரம் அல்ல. முதல்முறை கேட்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டாம் முறைக்குத் திறக்கும்படி பரிந்துரைப்பேன். வரியை முன்கூட்டியே கண் படித்துவிட்டால் காதுக்குச் சிரிக்க எதுவும் மிஞ்சாது.

மெட்டுக்குப் பாட்டெழுதுவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வகையில் உச்சம், வேதித் தனிமங்களின் பெயர்களை மட்டுமே கொண்டு, 1879-இல் மேடையேறிய ‘பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ இசைநாடகத்தின் புகழ்பெற்ற வேகப்பாட்டு மெட்டில் அமைத்த பாட்டு. அப்போது பெயரிடப்பட்டிருந்த 102 தனிமங்களும் அணு எண் வரிசையில் வரவில்லை. அசைக்கணக்கும் இயைபும் எந்த வரிசையைக் கோருகின்றனவோ அந்த வரிசையில் வருகின்றன. ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும் இந்தப் பாட்டில் ஒரு வினைச்சொல்கூட இல்லாத அடிகள் எத்தனையோ. இன்று பட்டியல் 118 ஆகிவிட்டது. இன்னும் கண்டுபிடிக்கப்படாதவை இருக்கலாம் என்று பாட்டின் முடிவிலேயே ஒரு தப்பிக்கும் வழியை அவர் வைத்துவிட்டதால் யாரும் குறை சொல்ல முடியாது.

தொலைக்காட்சி மூன்றாம் தட்டில் வருகிறது. பிரிட்டனில் 1962-இல் பிபிசி தொடங்கி, டேவிட் ஃப்ராஸ்ட் தொகுத்து வழங்கிய ‘தட் வாஸ் தி வீக் தட் வாஸ்’ என்ற வாராந்தர நையாண்டி நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவத்தை என்பிசி 1964, 1965 ஆண்டுகளில் ஒளிபரப்பியது. லெரர் அதற்குப் பாடல்கள் எழுதி அனுப்பினார், திரையில் தோன்றவில்லை. பாடியவர் நான்சி ஏம்ஸ். தணிக்கையாளர்கள் சில வரிகளை வெட்டியதும் உண்டு. தன் பாடல்கள் தான் நினைத்த வடிவில் மக்களைச் சென்றடையவில்லை என்ற மனக்குறையோடு, 1965 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் ‘ஹங்ரி ஐ’ இரவு விடுதியில் 14 பாடல்களை அவரே பாடிப் பதிவுசெய்தார். ‘தட் வாஸ் தி யியர் தட் வாஸ்’ என்ற அந்தத் தொகுப்புதான் மூன்றாம் தட்டின் முதுகெலும்பு. இங்கே பெட்டியின் உண்மையான குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலிரண்டு தொகுப்புகளுக்கு இருவடிவங்களைத் தாராளமாகத் தந்தவர்கள், ஒப்பீடு மிகவும் தேவைப்படும் இந்த இடத்தில் ஒளிபரப்பான வடிவம் ஒன்றைக்கூடத் தரவில்லை. வெட்டப்பட்ட வரியோடு வேறொருவர் பாடியதையும் ஆசிரியர் முழுமையாகப் பாடியதையும் அருகருகே வைத்திருந்தால், தொலைக்காட்சி ஒரு பாடலாசிரியரை என்ன செய்கிறது என்பது விளக்கமே இல்லாமல் விளங்கியிருக்கும்.

ஆனால் தட்டில் இருப்பது குறைந்த சரக்கல்ல. நேட்டோ நாடுகள் கூட்டாக அணு ஆயுதக் கப்பற்படை வைத்துக்கொள்ளும் திட்டத்தைப் பற்றித் தாலாட்டு. நடிகர் ஜார்ஜ் மர்ஃபி 1964-இல் கலிபோர்னியாவிலிருந்து செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதைப் பற்றி ஒரு சிறு துணுக்கு. துணை அதிபரான பிறகு ஹியூபர்ட் ஹம்ஃப்ரியின் குரலே கேட்கவில்லையே என்று விசாரிக்கும் பாட்டு. ஹிட்லரின் ஜெர்மனிக்கு வி-2 ஏவுகணை செய்து கொடுத்துவிட்டு அமெரிக்காவின் விண்வெளி நாயகனாக மாறிய வெர்னர் வான் பிரவுனின் மனச்சாட்சியைப் பற்றியது ஒன்று. வாரநிகழ்ச்சிக்கு எழுதும் பாட்டு அடுத்த வாரமே பழசாகிவிடும் என்பது பொதுவிதி. இந்தப் பதினான்கில் விதிக்குப் பலியானவை உண்டு. மர்ஃபி பாட்டும் ஹம்ஃப்ரி பாட்டும் இன்று குறிப்புரை வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவை. குறிப்புரையைப் படித்துவிட்டு யாரும் சிரிப்பதில்லை. வான் பிரவுன் பாட்டு மட்டும் அன்று இருந்த கூர்மையோடு இருக்கிறது. அதில் ஒரு மனிதரின் பெயர் இருந்தாலும், தன் பொறுப்பு ஏவுவதோடு முடிகிறது, எங்கே விழுகிறது என்பது வேறு துறை என்று சொல்லும் மனப்பாங்கே அதன் பொருள்; அந்த மனப்பாங்குக்குப் பதவி ஓய்வு வயது கிடையாது.

இந்தத் தட்டில் நான் அதிகமாகத் திரும்பக் கேட்பது, பள்ளிகளில் அப்போது புகுத்தப்பட்ட ‘புதிய கணிதம்’ பற்றிய பாட்டு. 342-இலிருந்து 173-ஐக் கழிக்கும் ஒரே கணக்குதான் முழுப்பாட்டும். பத்தின் இடத்திலிருந்து கடன்வாங்கி, நூறின் இடத்திலிருந்து கடன்வாங்கி, 169 என்ற விடையை எட்டியதும் பாட்டு முடிந்ததாக நினைக்கிறோம். ஆனால் பாடநூல் கேட்டது பத்துக்குப் பதில் எட்டை அடிப்படையாகக் கொண்ட எட்டடிமான எண்முறையில் என்று நினைவுபடுத்திவிட்டு, அதே மெட்டில் இன்னும் கூடிய வேகத்தில் கணக்கை மறுபடி போட்டு 147-ஐ அடைகிறார். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு படியும் சரி. விடையைவிட முறையே முக்கியம் என்ற அன்றைய கல்விக் கொள்கையைக் கிண்டல் செய்யும் பாட்டில் முறை, விடை இரண்டுமே பிழையில்லாமல் இருப்பதுதான் கணித ஆசிரியரின் குசும்பு.

அதன்பிறகு 1970-களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த ‘தி எலெக்ட்ரிக் கம்பெனி’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவர் எழுதிய பாடல்கள் வருகின்றன. சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நின்று முன்னுள்ள உயிரெழுத்தின் ஓசையை மாற்றும் ஆங்கில எழுத்தைப் பற்றியது அவற்றுள் ஒன்று. கசப்பும் கொலையும் அணுகுண்டும் எழுதிய கைதானா இது என்று சிலர் வியப்பதுண்டு. நுட்பம் அதேதான் என்பது கவனித்துக் கேட்டால் தெரியும்: ஒரு விதியை எடுத்துக்கொள்வது, அதற்கு எடுத்துக்காட்டுகளை இயைபோடு அடுக்குவது, ஒவ்வொரு எடுத்துக்காட்டும் ஒரு சிறு மாயவித்தையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. இவற்றைத் தட்டின் ஓரத்தில் உபரிபோல் வைத்திருக்க வேண்டாம். தணிக்கையாளரோடு மல்லுக்கட்ட வேண்டியிராத ஒரே தொலைக்காட்சிப் பணி இதுவாகத்தான் இருந்திருக்கும்.

பழைய தட்டுகளில் இடம்பெறாத ஒரு விரசமான பாட்டும், கணிதத்தைப் போற்றும் ஒன்றும், யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கான ஒன்றும் கூடுதலாக உள்ளன. இரண்டாவதைக் கணித ஆசிரியர்கள் விரும்புவார்கள். மற்றவை இருந்தாலும் போனாலும் ஒன்றுதான்.

விடுபட்டவற்றில் பெரியது, 1980-இல் லண்டனில் கேமரன் மக்கின்டாஷ் தயாரித்த ‘டாம்ஃபூலரி’. லெரரின் பாடல்களையே கோத்து உருவாக்கிய மேடை ரெவ்யூ அது. மாணவர் ரெவ்யூவில் தொடங்கிய பாடல்கள் தொழில்முறை ரெவ்யூவில் வேறு குரல்களில் ஒலித்ததை ஒரு பாட்டின் மூலமாவது காட்டியிருக்கலாம். பெட்டியின் புத்தகத்துக்கு, நகைச்சுவைப் பாடல்களை ஒலிபரப்பும் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் டாக்டர் டிமென்டோ எழுதிய முன்னுரை அன்பானது, விவரமும் உள்ளது. ஆனால் ரசிகரின் முன்னுரை, ஆய்வாளருடையது அல்ல. மேடையிலிருந்து அவர் ஏன் விலகினார் என்ற கேள்விக்கு அதில் பெரிய வெளிச்சம் கிடைக்காது.

விலைபற்றி ஒரு சிக்கல் இருக்கிறது. 2020-இல் தன் பாடல்வரிகள் அனைத்தின் மீதான உரிமையையும், 2022-இல் மெட்டுகள், பதிவுகள் உட்பட எஞ்சிய உரிமைகளையும் லெரர் துறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் பாடலாம், அச்சிடலாம், பதிவிறக்கலாம், அவருக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. தன் செலவில் 400 தட்டு அச்சிட்டுத் தொடங்கியவர் இப்படி முடித்துக்கொண்டது அவர் குணத்துக்குப் பொருத்தம்தான். அதனால் பாடல்களைக் கேட்பதற்காக மட்டும் இந்தப் பெட்டியை வாங்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. பணம் கொடுப்பது அச்சிட்ட வரிகளுக்காகவும், இரு வடிவங்களையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்கும் வசதிக்காகவும்தான். பாட்டெழுதுகிறவர்கள், நாடகத்துக்கோ தொலைக்காட்சிக்கோ நகைச்சுவை எழுதுகிறவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் முதலில் மூன்றாம் தொகுப்பை இலவசமாகப் பதிவிறக்கிக் கேட்டுப் பார்க்கட்டும். அது பிடித்தால் சாண்டர்ஸ் அரங்கப் பதிவுக்குப் போகலாம், 1953-இன் கூடத்துப் பதிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவில் எங்கெங்கே சிரிப்பு வரவேண்டும் என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.